கணினியின் முன்னால் எத்தனை மணி நேரம்?

2025ஆம் ஆண்டு தமிழ்நாட்டின் பிளஸ் டூ பொதுத்தேர்வில் மாணவியரில் 96.70 சதவீதம் பேரும் மாணவரில் 93.16 சதவீதம் பேரும் தேர்ச்சி பெற்றனர். மாணவியர் முந்துவது ஆண்டுதோறும் தலைப்புச் செய்தியாகி, இப்போது யாரும் வியப்பதில்லை. மத்தியக் கல்வி அமைச்சகத்தின் 2021-22 உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி, உயர்கல்வியில் மொத்தச் சேர்க்கை விகிதம் (கல்லூரி வயதினரின் எண்ணிக்கையோடு ஒப்பிட்ட சேர்க்கை) நாடு முழுவதற்கும் 28.4 சதவீதம்; தமிழ்நாட்டுக்கு 47. அந்த 47இலும் பெண்கள் ஆண்களுக்குப் பின்னால் இல்லை. பொறியியல் கல்லூரிகளின் கணினி வகுப்புகளில் பெண்கள் எங்கே என்று தேட வேண்டிய நிலையும் இங்கே கிடையாது. இத்தனைக்குப் பிறகும் பெண் பிள்ளைகளுக்குத் தொழில்நுட்பத் திறன் கற்பிக்கத் தனி முயற்சி எதற்கு என்று ஒருவர் கேட்டால், அந்தக் கேள்வியை ஒதுக்கிவிட முடியாது. பாடத்தையும் மதிப்பெண்ணையும் சேர்க்கையையும் மட்டும் அளவுகோலாக எடுத்துக்கொண்டால் அவர் சொல்வது சரிதான். ஆனால் ஒரு பெண் பிள்ளை தன் கைக்கு வந்த ஒரு கருவியோடு, யாரும் மேற்பார்வை பார்க்காமல், எத்தனை மணி நேரம் கழித்திருக்கிறாள் என்று கேட்டால் கணக்கு மாறிவிடுகிறது. பாலின இடைவெளி இன்று பெரும்பாலும் அந்த நேரக் கணக்கில்தான் இருக்கிறது.

இதைக் காட்டும் சான்றுகளில் முக்கியமானது, பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பு ஊரகப் பகுதிகளில் நடத்தும் ஏசர் ஆய்வு. 2023ஆம் ஆண்டு ஆய்வு 26 மாநிலங்களின் 28 மாவட்டங்களில் 14 முதல் 18 வயது வரையிலானவர்களைச் சந்தித்தது. பத்தில் ஏறக்குறைய ஒன்பது பேரின் வீட்டில் ஸ்மார்ட்போன் இருந்தது. ஆகவே வீட்டளவில் கருவி வந்து சேர்ந்துவிட்டது. ஆனால் ஸ்மார்ட்போனைப் பயன்படுத்தத் தெரிந்தவர்களில், அது தன்னுடையது என்று சொன்ன ஆண் பிள்ளைகள் 43.7 சதவீதம், பெண் பிள்ளைகள் 19.8 சதவீதம். ஆய்வாளர்கள் கேள்விகளோடு நிற்கவில்லை. ஒரு போனைக் கொண்டுவரச் சொல்லி, அலாரம் வைப்பது, ஒரு தகவலைத் தேடி எடுப்பது, யூடியூபில் ஒரு காணொளியைக் கண்டுபிடித்து இன்னொருவருக்கு அனுப்புவது, ஓர் இடத்துக்குப் போய்ச்சேர எவ்வளவு நேரமாகும் என்று கூகுள் மேப்ஸில் பார்ப்பது ஆகியவற்றைச் செய்துகாட்டச் சொன்னார்கள். போனைக் கொண்டுவர முடிந்தவர்கள் ஆண் பிள்ளைகளில் 72.9 சதவீதம், பெண் பிள்ளைகளில் 62 சதவீதம். செய்துகாட்டுவதிலும் எல்லாப் பணிகளிலும் ஆண் பிள்ளைகளே முன்னால் இருந்தார்கள். வரைபடப் பணியை நினைத்துப் பார்த்தால் காரணம் ஓரளவு விளங்கும்: தனியாக வெளியூர் போகிற பழக்கமே இல்லாத ஒரு பெண் பிள்ளைக்கு வழி தேட வேண்டிய தேவை எங்கிருந்து வரும்? திறன் தேவையின் பின்னால் வருகிறது. தேவை சுதந்திரத்தின் பின்னால் வருகிறது.

பெண்களுக்கு இயந்திரங்களில் இயல்பாகவே ஆர்வம் குறைவு என்ற பழைய வாதம் இந்த எண்களைப் பிடித்துக்கொள்ளப் பார்க்கும். அதற்கு 2024ஆம் ஆண்டு ஏசர் ஆய்விலேயே பதில் இருக்கிறது. அதே போன்ற பணிகளில் கேரளம், கர்நாடகம், ஆந்திரம் ஆகிய மாநிலங்களின் பெண் பிள்ளைகள் ஆண் பிள்ளைகளுக்குச் சமமாகவோ மேலாகவோ செய்திருக்கிறார்கள். இயல்பு என்பது மாநில எல்லையில் நின்றுவிடுவதில்லை, வாய்ப்புத்தான் நின்றுவிடும்.

போனுக்கு அடுத்துப் பார்க்க வேண்டியது ஓய்வு நேரம். இந்தியாவின் 2024 நேரப் பயன்பாட்டு ஆய்வு, ஊதியமற்ற வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 289 நிமிடங்களும், ஆண்கள் 88 நிமிடங்களும் அதில் செலவிடுவதாகச் சொல்கிறது. பள்ளி விட்டு வந்த அண்ணன் போனை எடுத்துக்கொண்டு திண்ணைக்குப் போகிற அதே வேளையில், தங்கை பாத்திரம் துலக்கிவிட்டு வருவதற்குள் போனின் சார்ஜ் தீர்ந்திருக்கும் என்பது இந்தச் சராசரியின் நடைமுறைப் பொருள். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு, 15 முதல் 49 வயது வரையிலானவர்களில் இணையத்தை ஒரு முறையாவது பயன்படுத்திய பெண்கள் 33.3 சதவீதம், ஆண்கள் 57.1 சதவீதம் என்று பதிவு செய்தது. அதன் பிறகு டேட்டா மலிவாகி எண்கள் உயர்ந்திருக்கும். ஆனால் வீட்டுக்குள் ஒரு கருவி யாருடையது, எந்த நேரத்தில் யாருடையது என்ற வரிசை டேட்டா விலையோடு சேர்ந்து மாறுவதில்லை.

கணினிக் கல்வியில் இந்த நேரக் கணக்கு என்ன செய்யும் என்பதற்கு நன்கு ஆராயப்பட்ட எடுத்துக்காட்டு அமெரிக்காவில் இருக்கிறது. அங்கே கணினி அறிவியலில் இளநிலைப் பட்டம் பெறுவோரில் பெண்களின் பங்கு 1980களின் நடுவில் ஏறக்குறைய 37 சதவீதமாக இருந்தது. மருத்துவம், சட்டம் முதலிய துறைகளில் பெண்களின் பங்கு ஏறிக்கொண்டே போன காலத்தில், கணினியில் மட்டும் அது சரியத் தொடங்கி, 2010 வாக்கில் 18 சதவீதம் அளவுக்கு இறங்கியது. சரிவு தொடங்கிய காலம் வீடுகளுக்குக் கணினி வந்த காலம். அந்த இயந்திரங்கள் விளையாட்டுப் பொருளாக, பெரும்பாலும் சிறுவர்களை முன்னிறுத்தி விற்கப்பட்டன. சிறுவர்களின் அறைக்குப் போயின. அதற்கு முன்பு கல்லூரியில் சேர்ந்த யாருக்கும் கணினி புதிதுதான். எல்லோரும் ஒரே கோட்டிலிருந்து தொடங்கினார்கள். பிறகு சேர்ந்தவர்களில் ஒரு பகுதியினர் ஐந்தாறு ஆண்டு தட்டிப் பழகிய கையோடு வந்தார்கள். ஆசிரியர்களும் அந்தப் பழக்கத்தையே திறமை என்று எடுத்துக்கொண்டு பாடம் நடத்தினார்கள்.

பிட்ஸ்பர்க்கின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஜேன் மார்கோலிஸ், ஆலன் ஃபிஷர் ஆகிய இருவரும் 1995 முதல் மாணவர்களைத் திரும்பத் திரும்பப் பேட்டி கண்டு இதைத்தான் கண்டறிந்தார்கள். நல்ல மதிப்பெண்ணோடு வந்த பெண்கள், வகுப்பில் சக மாணவர்கள் பேசும் பேச்சைக் கேட்டுத் தாங்கள் இந்தத் துறைக்கு உரியவர்கள் இல்லை என்ற முடிவுக்கு வந்து விலகிக்கொண்டிருந்தார்கள். பல்கலைக்கழகம் இரண்டு முக்கிய மாற்றங்களைச் செய்தது. சேர்க்கையின்போது முன்கூட்டியே நிரல் (புரோகிராம்) எழுதிய அனுபவத்துக்குக் கொடுத்த முன்னுரிமையை நீக்கியது. முதலாண்டில் அனுபவத்துக்கு ஏற்ப வெவ்வேறு நுழைவு வகுப்புகளை வைத்தது. 1995இல் புதிதாகச் சேர்ந்தவர்களில் 7 சதவீதமாக இருந்த பெண்கள் 2000இல் 42 சதவீதமானார்கள். அந்தக் காலத்தில் பெரும்பகுதி அங்கே கணினி அறிவியல் பள்ளியின் தலைவராக இருந்தவர் ராஜ் ரெட்டி. சென்னை கிண்டிப் பொறியியல் கல்லூரியில் படித்துவிட்டுப் போனவர். கலிஃபோர்னியாவின் ஹார்வி மட் கல்லூரியும் 2006க்குப் பிறகு, மரியா கிளாவே தலைவராக இருந்தபோது, முதலாண்டு வகுப்பை முன்னனுபவம் உள்ளவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் தனித்தனியாகப் பிரித்தது. சில ஆண்டுகளில் அங்கே கணினித் துறையில் பெண்களின் பங்கு 10 சதவீத அளவிலிருந்து 40 சதவீத அளவுக்கு உயர்ந்தது. இரு இடத்திலும் பாடத்தை எளிதாக்கியதால் இது நடக்கவில்லை. வீட்டில் கிடைக்காத மணி நேரத்தைக் கல்லூரி ஈடுகட்டியதால் நடந்தது.

இந்தியக் கதை இதன் நேர்ப் பிரதி இல்லை. இங்கே நடுத்தரக் குடும்பங்கள் கணினித் துறையைப் பெண்ணுக்கு ஏற்ற படிப்பாகவே பார்க்கின்றன: வெயிலில் நிற்க வேண்டாம், ஏசி அறை, அலுவலக வாகனம், கல்யாணச் சந்தையில் மதிப்பு. சிவில், மெக்கானிக்கல் வேண்டாம் என்று தடுக்கும் அதே அப்பா கம்ப்யூட்டர் சயின்ஸ் என்றால் கையெழுத்துப் போடுகிறார். ஆகவே அமெரிக்காவில் வாசலிலேயே நின்றுபோன பெண்கள் இங்கே உள்ளே வந்துவிட்டார்கள்; வந்தவர்களில் பலர், குறிப்பாக அரசுப் பள்ளிகளிலிருந்து வந்தவர்கள், போதிய இயந்திரப் பழக்கமில்லாமல் வருகிறார்கள். தகவல் தொழில்நுட்ப நிறுவனங்களின் சங்கமான நாஸ்காமின் கணக்கில் இந்தியத் தகவல் தொழில்நுட்பத் துறையின் ஊழியர்களில் பெண்கள் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல். வகுப்பறையில் இருந்த விகிதம் அலுவலக மேசைகளில் குறைவதற்குத் திருமணம், மகப்பேறு, இரவுப்பணி என்று வேறு காரணங்களும் உண்டு. ஆயினும் முதல் வேலைக்கான நிரல் தேர்விலேயே தயக்கத்தோடு உட்காரும் பெண்ணுக்கு அந்தக் காரணங்கள் எல்லாம் பிற்பாடு வருபவை.

அந்தத் தயக்கம் எங்கே விளைகிறது என்பதை ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியின் கணினி ஆய்வகத்தில் ஒரு பாடவேளை நின்று பார்த்தால் போதும். பிளஸ் ஒன்னில் சி++, பிளஸ் டூவில் பைத்தான் என்று நிரல்மொழிகளோடு பாடத்திட்டம் நன்றாகவே இருக்கிறது. இயந்திரங்களைவிடப் பிள்ளைகள் அதிகம் என்பதால் ஒரு கணினிக்கு மூன்று நான்கு பேர். இருபாலர் பள்ளியென்றால் விசைப்பலகை எந்தப் பேச்சுமில்லாமல் ஒரு பையனின் முன்னால் போய்விடும். பக்கத்தில் நிற்கும் மாணவி நிரலை வரிவரியாக வாசித்துக் கொடுப்பாள், பிழை வந்தால் எந்த வரியில் அரைப்புள்ளி விட்டுப்போனது என்பதையும் அவளே சொல்வாள். தட்டுகிறவன் அவன். செய்முறைத் தேர்வுக்கான ரெக்கார்டு நோட்டில் அவளுடையதுதான் வகுப்பிலேயே அழகாக இருக்கும்: வலப்பக்கம் நீல மையில் நிரல், இடப்பக்கம் பென்சிலில் கோடு போட்டுத் திரையில் வர வேண்டிய வெளியீடு. அந்த வெளியீட்டைத் திரையில் அவளே ஒரு முறைகூட வரவழைக்காமல் நோட்டில் எழுதி முழு மதிப்பெண் வாங்கிவிட முடியும். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று தெரிந்தும், நம் மதிப்பெண் முறை ஏட்டுச் சுரைக்காய்க்கே பரிசு கொடுக்கிறது. அந்த முறையில் பெண் பிள்ளைகள் வெல்கிறார்கள் என்பதாலேயே அவர்களுக்கு என்ன கிடைக்காமல் போகிறது என்பது கண்ணுக்குப் படுவதில்லை.

இந்த நேரப் பிரச்சினையைத் தமிழ்நாடு ஒரு காலத்தில், திட்டம் எதுவும் போடாமலே, தீர்த்து வைத்திருந்தது என்பது பலருக்கும் மறந்துவிட்டது. தட்டச்சுப் பயிற்சி நிலையங்களைச் சொல்கிறேன். ஒவ்வொரு சிற்றூரின் கடைத்தெருவிலும் மாடியில் ஒன்று இருந்தது. காலை ஆறு மணியிலிருந்து இரவு வரை மணிக்கொரு பிரிவு. ஓர் ஆளுக்கு ஓர் இயந்திரம், ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரத்தில் அடுத்தவர் கை அந்த விசையில் படாது. பத்தாம் வகுப்போ பியூசியோ முடித்துவிட்டு, கல்யாணம் வரை சும்மா இருக்க வேண்டாமே என்று அனுப்பப்பட்ட பெண்கள் அங்கேதான் லோயரும் ஹையரும் பாஸ் செய்து, அரசு அலுவலகங்களுக்கும் வங்கிகளுக்கும் நீதிமன்றங்களுக்கும் வேலைக்குப் போனார்கள். வீட்டில் இயந்திரம் வாங்க வேண்டியதில்லை. வீட்டு வேலை நடுவில் கூப்பிடாது. தெரிந்த தெருவில், தெரிந்த ஆசிரியரிடம், தோழியோடு போய்வரலாம். மாதக் கட்டணம் கட்டிய வீடு அந்த ஒரு மணி நேரத்தை வீணாக்க விடாது. பெண்களுக்கான தொழில்நுட்பப் பயிற்சியை வடிவமைக்க இன்று ஒருவர் உட்கார்ந்தால், இதைவிடச் சிறந்த ஏற்பாட்டை எளிதில் கண்டுபிடிக்க முடியாது.

அதன் வரம்பையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தட்டச்சு கற்ற பெண் தட்டச்சராகவும் சுருக்கெழுத்தராகவும் ஆனாள். பெரும்பாலும் அங்கேயே ஓய்வும் பெற்றாள். கருவி அவள் கையில் இருந்தது, அதில் எதை எழுதுவது என்ற முடிவு இன்னொருவர் வாயில் இருந்தது. பிற்பாடு வந்த கணினிப் பயிற்சி மையங்கள் பலவும் இந்த வரம்பை அப்படியே வாங்கிக்கொண்டன: எம்எஸ் ஆபீஸ், டேலி, டேட்டா என்ட்ரி. இவை பிழைப்புக்கு உதவும் திறன்கள், குறைத்துச் சொல்வதற்கில்லை. ஆனால் பெண்களுக்கென்று நடத்தப்படும் பயிற்சிகள் இந்த மட்டத்திலேயே நின்றுவிட்டால், பழைய தட்டச்சு மேசையின் இடத்தில் புதிய திரை வந்திருக்கிறது என்பதற்கு மேல் எதுவும் நடக்காது. பயிற்சி பெற்ற பெண்களின் எண்ணிக்கையை ஆயிரக்கணக்கில் அறிவிக்கும் திட்டங்கள், பயிற்சியின் முடிவில் அவர்களால் சொந்தமாக எதைச் செய்ய முடிந்தது என்பதைச் சொல்லத் தயங்குவது ஏன் என்பதும் இதிலிருந்தே விளங்கும்.

சொந்தமாகச் செய்துபார்க்கும் துணிச்சலுக்கு நம் ஊரிலேயே இன்னொரு முன்மாதிரி உண்டு. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு சைக்கிளையும் சேர்த்துக்கொண்டது. அப்போது ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் பெண்கள் சைக்கிள் வாங்க வங்கிக் கடனுக்கு ஏற்பாடு செய்தார். பெண்களே பெண்களுக்குத் திடலில் கற்றுக்கொடுத்தார்கள். பல்லாயிரம் பேர் சில மாதங்களில் ஓட்டினார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காதபோது பலர் ஆண்களுக்கான சைக்கிளையே ஓட்டினார்கள். முன் கம்பியில் குழந்தையை உட்கார வைக்கலாம் என்பதால் அதையே விரும்பியவர்களும் உண்டு. பாடத்திட்டமோ தேர்வோ சான்றிதழோ அங்கே இல்லை. வண்டி கையில் கிடைத்தது, விழுந்து எழ இடம் கிடைத்தது, விழுவதைப் பார்த்துச் சிரிக்காத கூட்டம் கிடைத்தது. நிரல் எழுதக் கற்பதும் பெரும்பகுதி விழுந்து எழுவதுதான். நான்கு பேர் முன்னால் பிழைச் செய்தி வரும்போது யார் சிரிக்கிறார்கள் என்பது அங்கேயும் பெரிய விஷயம்.

கருவியைக் கையில் கொடுப்பது என்ற வகையில் தமிழ்நாடு செய்த மிகப் பெரிய காரியம் 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டம். அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் மேல்நிலை வகுப்பு படித்தவர்களுக்கு, பெண், ஆண் என்ற வேறுபாடு இல்லாமல், 50 லட்சம் அளவுக்கு மடிக்கணினிகள் போயின. வாக்குக்காகக் கொடுக்கிறார்கள், படம் பார்க்கத்தான் பயன்படும், விற்றுவிடுவார்கள் என்று அதைப் பற்றிப் பேசப்பட்டதில் பாதி ஏளனம். பாலின இடைவெளி என்ற ஒரு கோணத்திலிருந்து பார்த்தால், வேறு எதுவும் செய்யாததை அந்தத் திட்டம் செய்தது என்றே நினைக்கிறேன்: அது மகளுக்குக் கணினி வேண்டுமா என்று அப்பாவிடம் கேட்கவில்லை. காசு கொடுத்து வாங்குவதென்றால் எத்தனை வீடுகளில் அவள் பெயர் முதலில் வந்திருக்கும்? பள்ளி மேடையில் அவள் பெயரைக் கூப்பிட்டு அவள் கையில் கொடுத்ததால், தம்பி கேட்கும்போது ‘இது எனக்கு வந்தது’ என்று சொல்ல அவளுக்கு ஓர் உரிமை இருந்தது. படம் பார்த்தாள் என்றே வைத்துக்கொள்வோம். கோப்பை எங்கே சேமிப்பது, இணைப்பு வராவிட்டால் எதை அழுத்துவது, வைரஸ் வந்தால் என்ன செய்வது என்பதெல்லாம் படம் பார்க்கிறபோது கற்பவைதான். அண்டை வீட்டுப் பையன் அப்படித்தான் கற்றான்.

கருவி மட்டும் போதாது என்பதற்குக் கேரளத்தைப் பார்க்க வேண்டும். அங்கே 2001இல் தொடங்கிய ஐடி அட் ஸ்கூல் திட்டம் தகவல் தொழில்நுட்பத்தை உயர்நிலைப் பள்ளியில் அனைவருக்கும் உரிய பாடமாக்கியது. விருப்பப் பாடமாக இருந்தால் ஒரு பெண் பிள்ளை அதைத் தேர்ந்தெடுக்க வேண்டும், வீடு ஒத்துக்கொள்ள வேண்டும், வகுப்பில் அவளோடு இன்னும் நாலு பேராவது இருக்க வேண்டும். எல்லோருக்கும் உரியது என்றால் அந்தப் படிகள் எதுவும் இல்லை. 2018இல் அதே மாநிலம் லிட்டில் கைட்ஸ் என்ற மாணவர் மன்றங்களைப் பள்ளிகளில் தொடங்கி, அசைவூட்டம், மின்னணுவியல், வன்பொருள், மலையாளக் கணினிப் பயன்பாடு ஆகியவற்றைப் பாடவேளைக்கு வெளியே பழக வைத்தது. பள்ளி வளாகத்துக்குள், ஆசிரியர் இருக்க, மன்ற வேலை என்ற பெயரோடு கூடுதல் நேரம் கிடைக்கிறது. மகள் ஏன் தாமதமாக வந்தாள் என்பதற்கு வீட்டில் சொல்ல ஒரு விடை இருக்கிறது. சிறிய விஷயம்தான், ஆனால் பெண் பிள்ளைகளுக்கான நேரம் இப்படிப்பட்ட சிறிய விடைகளால்தான் உண்டாகிறது.

பயத்தைப் பற்றிப் பேசாமல் இந்தக் கணக்கு முடியாது. புகைப்படத்தை எடுத்துத் திரித்துவிடுவார்கள், தெரியாதவன் செய்தி அனுப்புவான், ஊர் பேசும் என்ற பெற்றோரின் அச்சம் கற்பனை இல்லை. ஆனால் அந்த அச்சத்தின் விலையை யார் கொடுக்கிறார்கள் என்பதுதான் கேள்வி. தொல்லை கொடுத்தவன் போன் அவனிடமே இருக்கும். தொல்லைக்கு ஆளானவள் போன் பறிபோகும். இது பெண் பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரியும் என்பதால் தொல்லை வந்தாலும் வீட்டில் சொல்வதில்லை. சொல்லாததால் அது வளர்கிறது. திரைப்பதிவு எடுத்து வைப்பது, தொல்லை கொடுப்பவனின் கணக்கை முடக்குவது, இரட்டைச் சரிபார்ப்பு போடுவது, இணையக் குற்றங்களுக்கான 1930 என்ற எண்ணில் புகார் செய்வது ஆகியவற்றைப் பைத்தானுக்கு முன்பே கற்பித்தாக வேண்டும். அதே வகுப்பில் ஒரு நாள் தாய்தகப்பனையும் உட்கார வைத்தால்தான் அது வீட்டில் செல்லுபடியாகும்.

தமிழ்நாட்டின் இப்போதைய திட்டங்களைப் பார்த்தால், பணம் பெரும்பாலும் கல்லூரி வயதை நோக்கியே போகிறது. அரசுப் பள்ளி மாணவர்களுக்குப் பொறியியல் முதலிய படிப்புகளில் 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டை 2021இல் சட்டமாக்கி, கட்டணத்தையும் அரசே ஏற்றது. 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப்பெண் திட்டம் அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்ணின் வங்கிக் கணக்கில் மாதம் 1,000 ரூபாய் போடுகிறது. அந்தப் பணம் நேரே அவள் கைக்கு வருவதால் ரீசார்ஜுக்கு யாரிடமும் நிற்க வேண்டாம் என்பது அதன் பேசப்படாத பயன்களில் ஒன்று. 2025-26 நிதிநிலை அறிக்கை 20 லட்சம் பேருக்கு மடிக்கணினியோ கைக்கணினியோ தருவதாக அறிவித்ததும் கல்லூரி மாணவர்களுக்காகவே. கல்லூரிப் பெண்ணுக்கு அது வேண்டியதுதான், மறுப்பதற்கில்லை. ஆனால் கணினிப் பிரிவா, கலைப் பிரிவா, தொழிற்கல்வியா என்று அவள் வழி பிரிவது பதினைந்து வயதில், பத்தாம் வகுப்பு முடிவு வந்த வாரத்தில், அப்பாவோடு பிளஸ் ஒன் விண்ணப்பத்தை நிரப்பும்போது. அந்த வாரத்துக்கு முந்தைய ஐந்து ஆண்டுகளில், ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை, அவள் பெயரில் எந்தக் கருவியும் கொடுக்கப்படுவதில்லை. பள்ளி ஆய்வகத்தின் வருகைப் பதிவேட்டில் வகுப்பின் பெயரும் பாடவேளையும் இருக்கின்றன, எந்த மாணவி எந்த இயந்திரத்தில் எத்தனை நிமிடம் உட்கார்ந்தாள் என்பதற்குக் கட்டம் இல்லை. அந்தக் கட்டத்தைப் போடப் புதிய நிதி ஒதுக்கீடு தேவையில்லை. ஒரு சுற்றறிக்கை போதும்.